கடைசி இடத்துக்கு ஒரு பெயர்

குன்வோர் கையில் கேக் டப்பாவோடு வாசலில் நின்றால், தேர்தல் வருகிறது என்று அர்த்தம். மற்ற நாட்களில் வெறுங்கையோடு வருவாள். நம் காபியைக் குடித்துவிட்டு, நம் சமையலறைத் திரைச்சீலை அழுக்காக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போவாள். அவளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே பள்ளிக்கூடம், பிறகு ஒரே மீன் தொழிற்சாலை. எதிரெதிரே நின்று காட் மீன் அறுத்தோம். எனக்கு முதுகு போனது, கடை வைத்தேன். அவள் அறுத்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் ஸ்கார்வா தீவு, எதிர்க்கரையில் இருக்கும் நகராட்சிக்கு ஒரு வால். பெரிய கட்சிக்காரர்கள் நான்கு வருடத்துக்கு ஒரு முறை படகேறி வந்து, ரோஜாவும் பேனாவும் கொடுத்துவிட்டு அடுத்த படகில் திரும்பிவிடுவார்கள். ஒரு தடவை சாயங்காலப் படகை நிறுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு குன்வோர் நகராட்சி மன்றக் கூட்டத்துக்குப் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு உறுப்பினர் எழுந்து, "தீவுக்காரங்க சாயங்காலம் எங்க போகப்போறாங்க?" என்றார். மன்றமே சிரித்தது. பார்வையாளர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. குன்வோர் எழுந்து நின்று, "உங்க வீட்டுக்குத்தான் வரப்போறோம், கதவைத் திறந்து வைங்க" என்றாள். வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அந்த வருடம்தான் 'தீவுப் பட்டியல்' பிறந்தது. கட்சி இல்லை, கொடி இல்லை. தேர்தலில் நிற்கும் தீவுக்காரர்களின் பெயர் வரிசை, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் இரண்டு இடம் கிடைக்கும். ஒன்று ஸ்டெய்னாருக்கு, ஒன்று குன்வோருக்கு. ஸ்டெய்னார் சொந்தப் படகு வைத்திருக்கும் மீனவன். குரல் பெரிது, உறவுக்காரர்கள் அதைவிடப் பெரிய கூட்டம். மன்றத்தில் அவன் தூங்குவான், குன்வோர் பேசுவாள். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் இரண்டு பேரை வைத்து ஒரு பட்டியல் போட முடியாது. மேலும் ஆட்கள் வேண்டும். எங்கள் நாட்டில் ஒரு சட்டம் உண்டு: பட்டியலில் இருந்து ஜெயித்துவிட்டால், மாட்டேன் என்று சொல்ல முடியாது. தக்க காரணம் காட்டி, மன்றமே விடுவித்தால்தான் உண்டு. அதனால் ஜனங்களுக்குப் பயம். அந்தப் பயத்தைப் போக்கத்தான் கேக். ஒரு துண்டை வாயில் போட்டதும் குன்வோர் அந்த வாசகத்தைச் சொல்வாள்: "பயப்படாதே, ஜெயிக்க மாட்டே." என்னிடமும் சொன்னாள். ஒருமுறை மாட்டேன் என்றேன், இருமுறை மாட்டேன் என்றேன், மூன்றாவது முறை கேட்டபோது கேக் தீர்ந்துபோயிருந்தது, சரி என்றேன். அன்றிலிருந்து எனக்கு ஐந்தாவது இடம். இதுவரை ஜெயிக்கவில்லை. சொன்ன சொல் தவறாதவள்.

காலம் மாறியது. மீன் அறுக்க எங்கள் பிள்ளைகள் வரவில்லை, லித்துவேனியாவிலிருந்தும் எரித்ரியாவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளில் விளக்கு எரிந்தது. என் கடையில் மிளகாய்த்தூள் விற்க ஆரம்பித்தேன். மூடிவிடலாம் என்று நகராட்சி கண் வைத்திருந்த தீவுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூடினார்கள். அதில் பாதிக்கு மேல் வந்தவர்களின் பிள்ளைகள். எங்கள் நாட்டில் மூன்று வருடம் குடியிருந்தாலே உள்ளூர்த் தேர்தலில் ஓட்டும் போடலாம், நிற்கவும் செய்யலாம்.

இதைக் குன்வோர்தான் முதலில் சொன்னாள், பள்ளி நூலகத்தில் நடந்த எங்கள் கூட்டத்தில். "நம்ம பட்டியல்ல இருக்கிற அத்தனை பேரும் ஒரே சர்ச்சுல ஞானஸ்நானம் வாங்கினவங்க. வெட்கமா இல்ல? இந்தப் பள்ளிக்கூடம் யார் பிள்ளைங்களால நிக்குது?"

"வந்தவங்களுக்கு நம்ம அரசியல் என்னம்மா புரியும்?" என்றான் ஸ்டெய்னார்.

"உனக்குப் புரிஞ்சுதா? போன கூட்டத்துல குறட்டை விட்டே. பக்கத்துல இருந்தவர் பேச்சையே நிறுத்திட்டார்."

அந்த வாரமே கேக் டப்பாவோடு மெப்ராத் வீட்டுக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மெப்ராத்தை அறிமுகப்படுத்த வேண்டுமென்றால், அவள்தான் எங்கள் தீவின் பேருந்து ஓட்டுநர் என்று சொன்னால் போதும். எரித்ரியாக்காரி, ஒரு மகனோடு தனியாக வந்தவள். அவளுக்கு முன்னால் பேருந்தை ஓட்டியவன், கிழவர்கள் கைத்தடியை ஆட்டிக்கொண்டு ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்துவான். மெப்ராத் நிறுத்துவாள். இறங்கி வந்து பையை வாங்கி உள்ளே வைப்பாள். படகுத்துறைக்குப் போன் போட்டு, "ரெண்டு நிமிஷம் நில்லுங்க, ஒரு ராணி வர்றாங்க" என்பாள். அவள் பேருந்தில் ஏறாதவர்கள் தீவில் கிடையாது.

அவள் வீட்டில் காபி என்றால் அது பெரிய வேலை. கொட்டையை வறுப்பது முதல் மூன்றாவது கோப்பை வரை எழுந்துபோக முடியாது. முதல் தடவை போனபோது குன்வோர் ஒரு கோப்பை குடித்துவிட்டு, போதும் என்று எழுந்திருக்கிறாள். மெப்ராத் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். "எங்க ஊர்ல முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. ரெண்டாவது கூச்சத்துக்கு. மூணாவது தடவையும் வேண்டாம்னா, அப்பத்தான் நிஜமா வேண்டாம். ஒரே தடவை கேட்டுட்டு விட்டுட்டா, மனசில்லாம கேட்டாங்கன்னு அர்த்தம்." குன்வோர் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். காபி விஷயத்தில் எங்களிடம் ஒரு 'வேண்டாம்' போதும். கோப்பையை எடுத்துக் கழுவி வைத்துவிடுவோம்.

அன்றைக்கும் மூன்று கோப்பை ஆயிற்று. குன்வோர் விஷயத்தைச் சொன்னதும் மெப்ராத் முகம் சுருங்கிவிட்டது.

"அரசியலா? என் தம்பி அங்க ராணுவத்துல மாட்டிக்கிட்டிருக்கான். என் பேரு எங்கயாவது வந்தா அந்த அரசாங்கத்துல அவனைத்தான் பிடிச்சுக் கேப்பாங்க."

"பேரு கடைசியில இருக்கும்மா. யார் கண்ணுக்கும் தெரியாது. பயப்படாதே, ஜெயிக்க மாட்டே."

"நிச்சயமா?"

"நான் சொல்றேன்ல? எங்களுக்குக் கிடைக்கிறது ரெண்டு இடம். அதுல எப்பவும் ஸ்டெய்னாரும் நானும்தான்."

மெப்ராத் இரண்டு தடவை மறுத்தாள். குன்வோர் விடாமல் மூன்றாவது தடவையும் கேட்டாள். சரி என்றாள் மெப்ராத்.

இனி நடந்தது குன்வோரின் நல்ல மனதால் வந்த வினை. எங்கள் வாக்குச்சீட்டில் பட்டியலைத் தேர்ந்தெடுத்த பிறகு, பிடித்த பெயர்களுக்கு நேரே குறி போடலாம். அதிகம் குறி வாங்கியவர் மேலே ஏறுவார். பட்டியல்காரர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. தங்களுக்கு வேண்டியவர் பெயரைத் தடித்த எழுத்தில் அச்சடித்துவிட்டால், பட்டியலுக்கு விழும் ஓட்டில் கால் பங்கு அவர் கணக்கில் முன்கூட்டியே சேர்ந்துவிடும். எல்லாக் கட்சியும் செய்வதுதான். நாங்களும் ஸ்டெய்னார், குன்வோர் இருவரையும் எப்போதும் தடித்த எழுத்தில்தான் போடுவோம். அந்த வருடம் குன்வோர் கூட்டத்தில் எழுந்து, "கடைசியில போட்டு, மெல்லிசா வேற அச்சடிச்சா, நாம அவங்களைக் கூப்பிட்டதுக்கு என்ன அர்த்தம்? எல்லாரும் ஒரே எழுத்துல இருப்போம்" என்றாள். ஸ்டெய்னார் முணுமுணுத்தான். மற்றவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

முடிவு வந்த அன்று என் கடையில் நல்ல கூட்டம். முதல் இடம் மெப்ராத். இரண்டாவது ஸ்டெய்னார், அவன் சொந்தக்காரர்கள் புண்ணியத்தில். குன்வோர் மூன்றாவது. இரண்டு இடத்துக்கு மூன்றாவது ஆள்!

எப்படி நடந்தது என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டோம். வந்தவர்கள் மட்டும் போட்ட ஓட்டல்ல அது. கைத்தடிக் கிழவிகள் எல்லாரும் போட்டிருக்கிறார்கள். குன்வோர் எப்படியும் ஜெயிப்பாள், பாவம் அந்தப் பேருந்துப் பெண்ணுக்கு ஒரு குறி போடுவோம் என்று தீவே தனித்தனியாக நினைத்திருக்கிறது. அப்போது குன்வோரே ஈஸ்ட் வாங்கக் கடைக்குள் வந்தாள். கூட்டம் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"நல்லது. இதுக்குத்தானே பாடுபட்டோம்" என்றாள். பணத்தைக் கொடுத்துவிட்டு ஈஸ்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சியின் புதிய வரவுசெலவுத் திட்டம் வெளியானது. தீவுப் பள்ளியை மூடுவது, பிள்ளைகளைத் தினமும் படகில் கரைக்கு அனுப்புவது. ஆறு வயதுக் குழந்தை குளிர்காலக் காற்றில், விடியாத இருட்டில் படகேற வேண்டும். டிசம்பரில் வாக்கெடுப்பு. மன்றம் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்திருந்தது. குன்வோருக்குத் தூக்கம் போயிற்று. அந்தக் கணக்கெல்லாம் அவள் விரல் நுனியில். எந்த உறுப்பினரை எப்படி மடக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு நாற்காலி இல்லை.

"விடுவிக்கச் சொல்லி அந்தப் பொண்ணையே எழுதிக் கொடுக்கச் சொல்லு" என்றான் ஸ்டெய்னார். "அவ விலகினா அடுத்தது நீதான். அவளுக்கும் நிம்மதி, பள்ளிக்கூடத்துக்கும் நல்லது."

"நான் போய்க் கேக்க மாட்டேன்" என்றாள் குன்வோர். கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. இரண்டு நாள் கழித்து மெப்ராத்தே அவள் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தோம்.

மெப்ராத் உட்காரவில்லை. அவள் படம் உள்ளூர் நாளிதழில் வந்திருந்தது. அதை நீட்டினாள்.

"ஜெயிக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு?"

"தம்பி போன் பண்ணான். 'அக்கா, என்ன செஞ்சு வெச்சிருக்கே?'ன்னு கேட்டான். பயந்துபோய் இருக்கான்." நாளிதழை மேசைமேல் வைத்தாள். "எனக்கு இது வேண்டாம்னு நினைக்கிறேன். மொழியும் முழுசா வரல. நான் அங்க உட்கார்ந்து என்ன பேசப் போறேன்? நீங்க இருக்க வேண்டிய இடம் அது."

சொல்லிவிட்டு அவள் குன்வோரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோப்பையைக் கீழே வைக்காமல் பிடித்திருக்கும் ஆளின் பார்வை.

குன்வோர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நான் பக்கத்துல இருக்கேன்' என்று சொல்லியிருக்கலாம். 'தம்பிக்கு என்ன செய்யலாம்னு யோசிப்போம்' என்று சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம், 'நிஜமாத்தான் சொல்றியா?' என்று கேட்டிருக்கலாம்.

"நீ சொல்றதும் நியாயம்தாம்மா" என்றாள். "காரணம் நல்ல காரணம். மன்றம் ஒத்துக்கும். எப்படி எழுதணும்னு நான் சொல்றேன்." அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அப்போதே எழுத உட்கார்ந்தாள்.

மெப்ராத் கையெழுத்துப் போட்டாள். வாசல் வரை போனவள் திரும்பி, "சீக்கிரம் முடிஞ்சுடுச்சு" என்று மட்டும் சொன்னாள். அவள் போன பிறகு குன்வோர் என்னிடம், "அவளேதான் கேட்டா. நீயே பார்த்தே இல்ல?" என்றாள். பார்த்தேன்தான். குன்வோருக்கு மூன்று தடவைக் கணக்கு தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாதவள் செய்தால் தவறு. தெரிந்தவள் செய்தால் அதற்கு என்ன பெயர்? எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பள்ளிக்கூடமும் எனக்கு வேண்டியிருந்தது. என் பேரப்பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள்.

புதிய மன்றத்தின் முதல் கூட்டத்துக்கு மெப்ராத்தும் வந்தாள். வர வேண்டிய அவசியம் இல்லை, விண்ணப்பம் போதும். ஆனாலும் வந்தாள், ஓரத்தில் பூவேலை செய்த வெள்ளைப் பருத்தி உடுப்பில். அவர்கள் திருவிழாவுக்கு உடுத்துவது. என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்க வருகிறவள் அப்படி உடுத்திக்கொண்டா வருவாள்? மேயர் விண்ணப்பத்தை வாசித்தார். "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை. கைகள் உயர்ந்தன. குன்வோர் பின்பெஞ்சிலிருந்து எழுந்து, மெப்ராத்தின் முழங்காலைத் தாண்டி, முன்னால் போய் உட்கார்ந்தாள்.

டிசம்பரில் அவள் பேசிய பேச்சு நன்றாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன். படகுக் கட்டணம், காற்றால் படகு ஓடாத நாட்கள், கரைப் பள்ளியின் இட நெருக்கடி என்று ஒன்று விடாமல் பிட்டுப்பிட்டு வைத்தாள். எதிர்ப்பக்கம் இருந்த ஒருவர் மனம் மாறினார். ஒரே ஓட்டில் பள்ளிக்கூடம் பிழைத்தது. மறுநாள் பள்ளியில் கொடியேற்றி, கேக் வெட்டி, பாட்டுப் பாடினோம். பாதி மேசைகள் காலியாக இருந்தன. வந்தவர்கள் யாரும் வரவில்லை. அழைக்கவில்லையா என்று கேட்டால், கதவில் ஒட்டியிருந்தோம், எல்லாருக்கும் என்றுதான் எழுதியிருந்தது. மெப்ராத் பள்ளி முடிந்த நேரத்துக்குப் பேருந்தைக் கொண்டுவந்து நிறுத்தி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனாள். கிழவிகளுக்கு இப்போதும் நிறுத்துகிறாள், பையை வாங்கி வைக்கிறாள். ராணி என்று சொல்வது மட்டும் நின்றுவிட்டது.

அதன் பிறகு யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. ஒவ்வொரு கோடையிலும் ஒரு குடும்பம், இரண்டு குடும்பம் என்று பெரிய ஊர்களுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். வேலைக்காகப் போனார்கள், வேறு காரணமில்லை என்பான் ஸ்டெய்னார். இருக்கலாம். விளக்கு எரிந்த வீடுகள் மறுபடி பூட்டிக்கொண்டன. பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள். அடுத்த தேர்தல் நெருங்கும்போது பள்ளியை மூடும் திட்டமும் திரும்பி வந்தது. இந்தத் தடவை குன்வோரின் கணக்குகளே அவளுக்கு எதிராக இருந்தன.

கேக் டப்பாவோடு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். எல்லா வீட்டிலும் கதவைத் திறந்தார்கள், காபி கொடுத்தார்கள், நல்லபடியாகப் பேசினார்கள், மாட்டோம் என்றார்கள். லித்துவேனியாக்காரன் விதௌதஸ் மட்டும்தான் வாயைத் திறந்து சொன்னான். தொழிற்சாலையில் குன்வோரின் பக்கத்தில் நின்று மீன் அறுத்தவன்.

"போன தடவை நாங்க ஒரு ஆளை அனுப்பினோம், குன்வோர். நீங்க திருப்பி அனுப்பிட்டீங்க. இப்ப எதுக்கு எங்க பேரு? அலங்காரத்துக்கா?"

குன்வோர் கேக் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள். தெருவுக்கு வந்ததும், "நான் இந்தத் தீவுக்காக என்னென்ன செஞ்சிருக்கேன்" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கடைசியாக மெப்ராத் வீடு. இந்தத் தடவை கொட்டையை வறுக்கவில்லை, இயந்திரத்தில் வடித்த காபி. எங்களைப் போலவே கொடுத்தாள், ஒரு கோப்பை.

"பட்டியல்ல நீ சேரணும்" என்றாள் குன்வோர்.

"வேண்டாம்."

"நீ வேணும் மெப்ராத்."

"வேண்டாம்."

குன்வோர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் அழுது பார்த்ததில்லை, அவள் அப்பாவைக் கடல் கொண்டுபோனபோதுகூட. "நான் அன்னைக்கே கேட்டிருக்கணும். இப்ப மூணாவது தடவையாக் கேக்கறேன்."

மெப்ராத் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "தம்பி எல்லை தாண்டிட்டான். அப்புறம் லிபியாவுலேருந்து ஒரு போன். படகு ஏறப்போறேன்னு சொன்னான். அவ்வளவுதான். ரெண்டு வருஷம் ஆச்சு." குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. "இனிமே என் பேரு எங்க வந்தாலும் யாரையும் கேக்க முடியாது. வரேன். ஆனா கடைசியில இல்ல. முதல் பேரு. தடிச்ச எழுத்து."

பள்ளி நூலகத்தில் கூட்டம். மெப்ராத் தனியாக வரவில்லை. விதௌதஸும் அவன் மனைவியும், சிரியாவிலிருந்து வந்த பல் மருத்துவ உதவியாளரும், இன்னும் சிலரும் வந்தார்கள். நாற்காலி போதாமல் குழந்தைகளின் பெஞ்சை இழுத்துப் போட்டோம். ஸ்டெய்னார் இரண்டாவது இடத்துக்கு இறங்கினான். வாயே திறக்கவில்லை, விழித்துக்கொண்டுதான் இருந்தான். எனக்கு வழக்கம்போல ஐந்து. பெயர்கள் ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் ஏறின. எழுதுவது மெப்ராத். கீழே ஒரே ஒரு வரி காலியாக நின்றது.

குன்வோர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் இன்னும் எங்கும் வரவில்லை என்பதை அப்போதுதான் எல்லோரும் கவனித்தோம். தானாகக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. எப்போதும் அவள்தானே மற்றவர்களைக் கேட்பாள்.

மெப்ராத் சாக்பீஸோடு திரும்பினாள். "குன்வோர், கடைசி இடம் இருக்கு. பயப்படாதீங்க, ஜெயிக்க மாட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. குன்வோரும் சிரிக்கப் பார்த்தாள். "வேண்டாம்மா, எனக்கு வயசாச்சு" என்றாள். சொல்லிவிட்டு, காலியான காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.